சீர்த்தட்டில் வந்த வீடியோ கேம்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் மெஷினுக்கு இனிமேல் மவுசு இருக்குமா, இல்லை செல்போன் அதை விழுங்கிவிடுமா என்று யாரோ ஒருவர் அரைப் பக்கத்துக்கு யோசித்திருந்தார். படித்து முடித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. செல்போன் வருவதற்கு முன்பே, மவுசு இருக்குமா என்ற இதே கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்த என்னைப் பேச விடவில்லை. அந்த மெஷின் விற்குமா விற்காதா என்பதில் என் கழுத்து மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் அதைப் பற்றி நிதானமாகப் பேச எனக்கு இன்றைக்கும் வராது.

கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் அப்பாவுக்கு ஒரு கடை இருந்தது. டார்ச் லைட், பேட்டரி செல், சுவர்க் கடிகாரம், டிரான்சிஸ்டர் இவைதான் சரக்கு. கடிகாரமும் டிரான்சிஸ்டரும் பார்வைக்கு. கடையை நடத்தியது டார்ச் லைட். புதூர்ப் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கிறவர்கள் வருவார்கள். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் ராத்திரிக்கு ஆட்டை அடைத்துக் கிடை போட்டுவிட்டு, நரிக்கும் திருடனுக்கும் காவல் இருக்கிறவர்களுக்கு டார்ச் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. மழைக்காலத்தில் அவர்கள் வந்துபோனால் கடைப்படியில் கரிசல் மண் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடக்கும். அதைச் சுரண்டுவது என் வேலை. பிளஸ் டூ முடித்திருந்த என்னை, "கொஞ்ச நாளைக்குக் கடையில இரி" என்று அப்பா உட்கார வைத்திருந்தார். பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்று கேட்டிருந்தேன். "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அப்பா பாக்கலாம் என்று சொன்னால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம்.

மாமா என்று நான் சொல்வது அம்மாவின் தம்பியை. நாகலாபுரத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது, கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது, வாய் நிறைய இருந்தது. மிளகாயைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அடிக்கடி மெட்ராஸ் பஸ் ஏறுவார். திரும்பும்போது கையில் ஏதாவது ஒரு சாமானும், அந்தச் சாமானுக்கு வரப்போகிற காலத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் கொண்டு வருவார். நான் பிறந்தபோதே அவருக்கு மீசை அரும்பியிருந்தது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அக்கா மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே தொட்டிலில் கிடக்கும்போதே நான் அவருக்கென்று ஆகிவிட்டேன். ஒரு கடிகாரத்தை யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போனால் அப்பா அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி ஓரமாக வைப்பார். என்னையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் மாமா கடைக்குள் வந்து மேஜைமேல் அதை வைத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. சாம்பல் நிறம். மேலே சின்னக் கண்ணாடி, கீழே மஞ்சள் பொத்தான்கள். அழுத்தினால் கீச்சுக் கீச்சென்று ஒரு பாட்டு. கண்ணாடிக்குள் மேலிருந்து கட்டைகள் விழும். இடைவெளி விடாமல் அடுக்கினால் அந்த வரிசை மறைந்துபோகும். அடுக்க அடுக்க வேகமாக விழும், கடைசியில் தோற்போம். அவ்வளவுதான் விளையாட்டு.

"அத்தான், இதைப் பாத்துக்கிடுங்க. இன்னும் அஞ்சு வருசத்துல டார்ச் லைட்டு மாதிரி வீட்டுக்கு வீடு இது கெடக்கும்" என்றார் மாமா.

அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை வச்சி என்ன செய்ய மாப்ள?"

"வெளையாடத்தான். டிவி வேண்டாம், கரண்டு வேண்டாம். பஸ்ஸுல போகையில வெளையாடலாம், காட்டுல இருந்து வெளையாடலாம். நம்ம சீமையில எத்தனை புள்ளைய இருக்கு, நீங்களே நெனச்சிப் பாருங்க."

பிள்ளைகள் இருந்தார்கள்தான். எங்கள் தெருவிலேயே பாதி வீடுகளில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தீப்பெட்டி வேலைக்கு உட்கார்ந்துவிடும் பிள்ளைகள். மரச்சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொரு குச்சியாக அடுக்க வேண்டும். பொழுதெல்லாம் குச்சி அடுக்குகிற பிள்ளைக்கு, கட்டை அடுக்குகிற மெஷினை எந்த அப்பன் காசு கொடுத்து வாங்கித் தருவான்? கையில் வைத்து விளையாட வேண்டும் என்றால் முதலில் கை சும்மா இருக்க வேண்டும். இதை நான் சொன்னேன். மாமா என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"பாரு அக்கா, உம்மவ ஏவாரம் பேசுதா."

அடுத்த வாரமே எல்லாம் பேசி முடித்தார்கள். மாமா பாதி முதல் போடுவது, கடையில் வந்து உட்காருவது, இரண்டு தை கழித்துக் கல்யாணத்தை முடிப்பது. மூன்றும் ஒரே சாப்பாட்டில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் முடிவாயின. பரிமாறிக்கொண்டிருந்தவள் நான். என்னிடம் கேட்டது, அப்பளம் இன்னும் இருக்கிறதா என்பது மட்டும்தான்.

அன்றைக்கு நான் ஒன்று நினைத்தேன். இந்த மெஷின் விற்காவிட்டால் மாமா கடையை விட்டுப் போய்விடுவார், அவரோடு கல்யாணப் பேச்சும் போய்விடும். சரக்கு விற்கக்கூடாது என்று கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்ட கடைக்காரன் மகள் இந்தக் கரிசல் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் சில மாதங்கள் என் வேண்டுதல் நன்றாகவே வேலை செய்தது. கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "ஏட்டி, போட்டுக் காட்டு" என்பார் மாமா. நான் நின்றுகொண்டு கட்டை அடுக்குவேன். வேண்டுமென்றே சீக்கிரம் தோற்பேன். அவர்கள் சிரித்துவிட்டு இரண்டு செல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

பிறகு கயத்தாறில் லாரிகள் நிற்கும் இடத்தில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். அவருடைய தங்கை மகனுக்குக் காதுகுத்து. காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். மேளம் முன்னால் போக, தட்டுகளைத் தலையில் ஏந்தித் தெரு நீளத்துக்கு நடந்து வருவார்கள். துணிமணி, பழம், தேங்காய், கம்மல், வெண்கலப் பானை எல்லாம் இருக்கும். வீட்டுக்கு வீடு வாசலில் நின்று, யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பார்ப்பதற்காகத்தான் அவர்களும் அவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள்.

"புதுசா எதாவது வேணும் அண்ணாச்சி. எங்க ஊர்ல எவனும் இதுக்கு முன்ன வச்சிருக்கக் கூடாது" என்று அவர் அப்பாவிடம் கேட்டார்.

மாமா வீடியோ கேமை எடுத்து நீட்டினார். வந்தவர் அதை ஆன் செய்யச் சொல்லவில்லை. அது என்ன செய்யும் என்றும் கேட்கவில்லை. "இதுக்குப் பெரிய பெட்டி கெடையாதா?" என்றுதான் கேட்டார். மாமா சுவர்க் கடிகாரத்தின் அட்டைப் பெட்டி ஒன்றைக் காலி செய்து, உள்ளே வைக்கோல் திணித்து, நடுவில் மெஷினை வைத்துக் கொடுத்தார். நான் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றினேன்.

அந்தத் தட்டு கயத்தாறுத் தெருவில் போன பிறகு எங்கள் கடையில் கூட்டம் தாங்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் தாய்மாமன்கள். சுத்துப்பட்டி அத்தனையிலிருந்தும் வந்தார்கள். ஒருவன் ஒன்று வைத்தால் அடுத்தவன் இரண்டு வைத்தான். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "காலம் வந்திருச்சி அத்தான்" என்று நாளைக்கு நாலு தடவை சொல்வார்.

விற்க விற்க என் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். ஒரு பிள்ளைகூட எங்கள் கடைக்கு வரவில்லை. மெஷினுக்குப் பென்சில் செல் போட வேண்டும். பென்சில் செல் பெட்டி நாங்கள் வாங்கி வைத்த இடத்திலேயே இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. விளையாடினால் செல் தீரும், தீர்ந்தால் வாங்க வருவார்கள். வரவில்லை என்றால் யாரும் விளையாடவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பாலிடெக்னிக் படிப்பு தேவையில்லை.

"இதைப் புள்ளைய கேக்கலை மாமா, தாய்மாமன்தான் கேக்காவ. வெளையாட வாங்கல. தட்டுல வைக்க வாங்குதாவ" என்றேன்.

"யாரு கேட்டா ஒனக்கு என்ன? சரக்கு போகுதா இல்லையா?" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், உள்ளே போ என்று இருந்தது. போனேன்.

அந்த வருஷமே அத்தையின் கடைசி மகனுக்குக் காதுகுத்து வந்தது. அத்தை என்பது அப்பாவின் அக்கா, கயத்தாறில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே தாய்மாமன் எங்கள் அப்பா. சொந்தக் கடையில் இருக்கும்போது வேறு எங்கே போக? ஒரு வீடியோ கேமை எடுத்துக் கட்டச் சொன்னார். சிவப்புத் தாள் தீர்ந்துபோயிருந்ததால் ஒரு பக்கம் பச்சைத் தாளை ஒட்டுப் போட்டுச் சுற்றினேன். மேளம், வெடி, தட்டு எல்லாம் முறைப்படி நடந்தது. காது குத்திய வலியில் அழுதுகொண்டிருந்த பையன் பெட்டியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுத் தாவினான். மூலையில் தாள் கிழிந்தது. அத்தை அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"தொடாதல, மாமன் சீரு."

பையன் மறுபடி அழ ஆரம்பித்தான். அத்தை கிழிந்த மூலையில் ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினாள். விரலில் இருந்த குங்குமம் அதில் பதிந்துவிட்டது. பெட்டியைக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில், ஒரு பொம்மைக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் வைத்துப் பூட்டினாள். அந்தப் பையன் அந்த மெஷினைக் கையால் தொட்டதே கிடையாது.

கொஞ்ச காலம் கழித்து அதே கயத்தாறில் இன்னொரு விசேஷம். அத்தையின் புருஷன் அங்கே தாய்மாமன். தட்டுகள் வந்தன. மூன்றாவது தட்டில் பச்சை ஒட்டுப் போட்ட பெட்டி உட்கார்ந்திருந்தது. நான் கட்டிய கட்டு எனக்குத் தெரியாதா? மூலையில் சோற்றுப் பருக்கை காய்ந்துபோய் அப்படியே இருந்தது. பிரிக்காமலேயே அதை அடுத்த தட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து அது இன்னொரு தட்டுக்குப் போகும். ஊருக்கு நாலு பெட்டி இருந்தால் போதும், எத்தனை காதுகுத்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத்தான் மாமா வீட்டுக்கு வீடு வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவிடம் சொன்னேன்.

"கண்டதையும் பேசாத. அத்தை காதுல விழுந்தா சண்டைக்கு வந்துருவா. வாயை வச்சிக்கிட்டுச் சும்மா வாட்டி" என்றாள் அம்மா.

அதே வாரம் மாமா மெட்ராஸிலிருந்து லாரி சர்வீஸில் ஒரு சுமை இறக்கினார். வைக்க இடம் இல்லை. டார்ச் லைட் இருந்த அலமாரியைக் காலி செய்து, டார்ச்சுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அப்பா தடுக்கவில்லை. புதூரிலிருந்து எப்போதும் வரும் கிடைக்காரர் ஒருவர் வந்து, மண் ஒட்டிய காலோடு படியில் நின்று அலமாரியைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, டார்ச்சு எங்க?"

அப்பா பதில் சொல்லுமுன் மாமா முந்திக்கொண்டார். "அதெல்லாம் இப்ப யாரு வாங்குதா? இதைப் பாருங்க. கெடையில காவலுக்கு இருக்கையில நல்லாப் பொழுது போகும்."

அவர் மெஷினை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வெளிச்சம் குடுக்குமா?"

"வெளிச்சம் குடுக்காது. வெளையாட்டுச் சாமான்."

"நரி வந்தா அதுகிட்டக் குடுத்து வெளையாடச் சொல்லவா?" என்று மெஷினை மேஜைமேல் வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். மாமா அவர்களைப் பட்டிக்காட்டான்கள் என்றார். மிளகாய்க் காட்டில் வளர்ந்த நாகலாபுரத்துக்காரர் சொல்கிற பேச்சு அது.

மறு வருஷம் காதுகுத்து முகூர்த்தங்கள் வந்தன. தாய்மாமன்களும் வந்தார்கள். "புதுசா எதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். மாமா வீடியோ கேமை நீட்டினார். "இது போன வருசத்துச் சீருல்லா. இதைத் தூக்கிட்டுப் போனா தங்கச்சி வீட்டுல என்னை மதிப்பாங்களா?" என்று கும்பிடு போட்டுவிட்டு, பக்கவாட்டில் சக்கரம் வைத்த குட்டி சைக்கிள் வாங்கப் போய்விட்டார்கள். ஒரு சாமான் எல்லார் தட்டிலும் ஏறிவிட்டால் அது தட்டுக்கு ஆகாது. தட்டுக்கு ஆகாததை வீட்டுக்கென்று வாங்க அங்கே ஆளே கிடையாது.

போதாக்குறைக்கு, பழைய பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. கண்ணாடி அலமாரியில் கிடந்தவற்றை எடுத்துக்கொண்டு வந்து, "இதை வச்சிக்கிட்டு ஒரு கடிகாரம் குடுங்க" என்றார்கள். மாமா வாங்கி வைத்தார். "மெட்ராஸுல இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கான். சரக்கு நம்ம கையில இருக்கணும்" என்றார். அப்படி வந்தவற்றில் பச்சை ஒட்டுப் போட்ட பெட்டியும் ஒன்று. எத்தனை வீடு பார்த்ததோ, தாள் மங்கிப்போயிருந்தது. மாமா அதையும் மற்றவற்றோடு அலமாரியில் ஏற்றினார்.

நான் உள்ளுக்குள் கூத்தாடிக்கொண்டிருந்தேன். இந்த ஆள் இனிக் கிளம்பிவிடுவார் என்று இருந்தேன். அப்போதுதான் ஒரு நாள் மத்தியானம் அப்பா அம்மாவிடம் பேசுவது காதில் விழுந்தது.

"அவன் முதல் நம்ம கடையில மொடங்கிக் கெடக்கு. இந்த நேரத்துல பொண்ணும் இல்லைன்னு சொன்னா ஊர்ல என்ன பேசுவான்? தையிலேயே முடிச்சிருவோம்."

விற்றிருந்தால் கடைக் கூட்டாளி என்ற முறையில் என்னைக் கட்டியிருப்பார். விற்காததால் நஷ்டத்துக்கு ஈடாகக் கட்டப்போகிறார். இதுதான் வியாபாரம் என்றால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரக்கு நான்தான். அன்றைக்கு முதல் தடவையாக நேராகப் போய் அப்பா முன்னால் நின்றேன். "எனக்கு மாமாவைக் கட்டிக்கிட இஷ்டம் இல்லை" என்றேன்.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். துண்டில் கையைத் துடைத்தார். "பாக்கலாம்" என்றார்.

அம்மா அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்கு என்னட்டி கொறச்சல்? குடிக்கானா? சீட்டு வெளையாடுதானா?" என்றாள். ஒருவனைக் கட்டிக்கொள்ள இது போதும் என்று அவள் நம்பினாள். என் தம்பி என்று அவளுக்கு இருந்தது, என் மகள் என்று இல்லை. அந்தக் கோபம் எனக்கு அவள்மேல் ரொம்ப நாள் இருந்தது.

நிச்சயதாம்பூலம் எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். காலையில் இரண்டு பக்கத்து ஆட்களும் கூடிவிட்டார்கள். அத்தை முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எந்த வீட்டு விசேஷம் என்றாலும் தட்டை எண்ணுவதும் தூக்கிப் பார்ப்பதும் அவள் வேலை. யாரும் அவளிடம் ஒப்படைக்காத வேலை.

தட்டுகள் ஒற்றைப்படையில் வர வேண்டும். மாமாவின் முதல் எல்லாம் எங்கள் அலமாரியில் இருந்ததால் கை கடித்திருக்க வேண்டும். பழம், தேங்காய், பூ, சேலை வந்தது. மிச்சம் இருந்த தட்டுகளில் வீடியோ கேம் பெட்டிகளை அடுக்கி, மேலே பூச்சரத்தைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதற்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. "சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் ஒரே எடத்துல கூடுதாங்க. பாத்தா நாலு பேரு கேப்பாங்கள்லா" என்று கூடத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. நிச்சயத்துக்கு வந்த இடத்திலும் அந்த மனுஷன் கடை விரித்தார்.

நான் பட்டுச் சேலையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். தட்டுகள் என் முன்னால்தான் இருந்தன. கடைசித் தட்டில், மேலிருந்து இரண்டாவதாக, பச்சை ஒட்டுப் போட்ட பெட்டி. அவசரத்தில் அலமாரியிலிருந்து வரிசையாக அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். எது புதுசு, எது திரும்பி வந்தது என்று பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாக எல்லோரும் எனக்குச் சொன்னதை அன்றைக்குச் செய்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அத்தை பூச்சரத்தை விலக்கினாள். ஒரு பெட்டியை எடுத்தாள், வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். வைக்கவில்லை. மூலையை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏ தம்பி, இங்கன வா" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். "இது நீ எம்மவன் காதுகுத்துக்கு வச்ச சீருல்லா?"

அப்பா குனிந்து பார்த்தார். "ஒங்க வீட்டுச் சீரு இங்க எப்பிடி வந்துச்சி?" என்று மாமா பக்கத்துக் கிழவர் ஒருவர் சரியாகத்தான் கேட்டார். அத்தைக்கு முகம் ஒரு நொடி மாறியது.

"அதை அப்புறம் பேசுவோம்" என்றாள். "நான் ஒட்டுன சோத்துப் பருக்கை, எங் கை குங்குமம். ஒஞ் சீரையே எடுத்து ஒம்மவளுக்குத் தட்டுல வச்சிக் கொண்டாந்திருக்கான். அம்புட்டுப் பேரு முன்னால ஒனக்கு இதான் மரியாதையா தம்பி?"

மாமா எழுந்து வந்தார். "அத்தான், அலமாரியில மாறிருச்சி. ஒரு நிமிசம் இருங்க, கடையில போயி வேற புதுசு மாத்திட்டு வாரேன்" என்றார். கடைக்கு வந்த ஆளிடம் சொல்வது போலவே சொன்னார். அதைவிட மோசமாக அவரே நினைத்தாலும் ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டார். "தட்டை எடுங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. "எடுங்க" என்று இன்னொரு தடவை சொன்னார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள், தம்பிக்காக. வந்த தட்டுகள் வந்த வழியே போயின. பந்திக்கு வைத்திருந்த சோற்றையும் சாம்பாரையும் தெருக்காரர்களுக்கே பரிமாறினோம். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, சரக்கு முழுவதும் மாமாவுக்கு, கடை அப்பாவுக்கு என்று தீர்த்தார்கள். பெட்டிகள் ஒரு டெம்போவில் நாகலாபுரம் போயின. காலியான அலமாரியில் டார்ச் லைட் மறுபடி ஏறியது. கிடைக்காரர்களில் பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். நிச்சயம் நின்றுபோன பெண் வீட்டில் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள் என்று என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். அதற்கும் நான் அந்தப் பெட்டிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களில் செல்போன் வந்தது. உச்சியில் டார்ச் வெளிச்சமும் உள்ளே பாம்பு விளையாட்டும் உள்ள போன் எல்லார் மடியிலும் ஏறியது. அப்பாவின் சரக்கையும் மாமாவின் சரக்கையும் ஒரே வாயில் தின்றுவிட்டது. "கையில வச்சி எல்லாரும் வெளையாடுவான்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்று மாமா இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சொல்லித் திரிகிறார். கையைப் பற்றி அவர் சொன்னது சரி. அந்தக் கைக்காக என்று தனியாக ஒரு சாமானை யார் வாங்குவார்கள், வாங்கியதை யார் தொடுவார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை. பேப்பரில் கட்டுரை எழுதியவரும் யோசிக்கவில்லை. புதூர்க் கிடைக்காரர்களும் அந்தப் போனை வாங்கினார்கள், டார்ச்சுக்காக.

கடையை மூடிவிடலாம் என்று அப்பா முடிவு செய்தபோது, சாமான்களை ஒழுங்கு செய்ய நான் போயிருந்தேன். எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி வேலைக்கும் போய்க்கொண்டிருந்த காலம். முற்பகல் வெயில் கடைக்குள் பாதி வரை வந்திருந்தது. அப்பா மிச்சமிருந்த டார்ச்சுகளில் ஒவ்வொன்றாகச் செல் போட்டுச் சுவரில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு மாமா புதுப் பெட்டியாப் பாத்து வச்சிருந்தா என்னப்பா செஞ்சிருப்பீங்க?"

"என்ன செய்ய? கல்யாணம் நடந்திருக்கும்."

"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்லா."

அப்பா டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ எப்பச் சொன்ன?"

உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். கை கழுவிக்கொண்டிருந்ததை, நான் எதிரில் நின்றதை, தாம் சொன்ன பதிலை எல்லாம் எடுத்துச் சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். அத்தை பெட்டியைத் தூக்கிக் காட்டியது மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பச்சைத் தாள் எந்தப் பக்கம், சோற்றுப் பருக்கை எந்த மூலை என்றுகூட விரலால் மேஜைமேல் வரைந்து காட்டினார்.